பனிக்கட்டி கழித்து

காலை ஒன்பதேகாலுக்கு நின்றுவிட்டது.
வார்டோ. பிப்ரவரி. காட் மீன் உச்சத்தில்.
வெளியே பதினொரு படகுகள் எடைமேடைக்கு வரிசை.
உள்ளே திரையில் ஒரு சாம்பல் பெட்டி:
இனி ஒரு கிலோகூட எழுத முடியாதாம்.

சிக்னே கோப்பின் அளவைப் பார்த்தாள்.
ஒன்று புள்ளி ஒன்பது ஒன்பது.
இரண்டு ஜிகாபைட் அதன் கூரை.
தலை இடித்துவிட்டது.

"இருபத்திரண்டு வருஷத்து மீன்," என்றாள்,
"கனக்காதா பின்னே."

மீன் கனக்கவில்லை, எனக்குத் தெரியும்.
மீன் வெறும் எண். தேதி, படகு, கிலோ,
ஈரலுக்குத் தனியாக ஒரு கட்டம்.
ஒரு குளிர்காலம் முழுவதையும்
கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு போகலாம்.

கனத்தது நாங்கள் அழித்தவை.
இரண்டு தடவை ஏறிப்போன எடைச்சீட்டு,
வெள்ளிதோறும் நிரப்பி
திங்கள்தோறும் துடைத்த தற்காலிக அட்டவணை.
அழி என்றால் அழிப்பதில்லை அது.
வாசலில் பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டு
வீட்டை அப்படியே விட்டுவிடும்.
அடுத்து வருகிறவருக்குப்
பக்கத்தில் ஒரு புது வீடு.
தெரு நீண்டுகொண்டே போகும், பாதி ஆளில்லாமல்.

அப்புறம் படங்கள்.
படகுக்கு ஒரு புகைப்படம் ஒட்டினால் அழகு என்று
ஒரு கோடையில் ஓர் அறிவாளி முடிவெடுத்தான்.
(நான்தான்.)
உலர்மீனைத் தண்ணீரில் போட்டால் ஊதுமே,
அப்படி ஊதிக் கிடந்தன உள்ளே
அறுநூறு படகுகள்.

முதலில் நகல். இரண்டு நகல்.
எடுக்காமல் ஒருமுறை பட்டவன் நான்.
பிறகு 'சுருக்கிச் சீராக்கு' அழுத்தினேன்.
மறுத்தது.
யாரோ உள்ளே இருக்கிறார்கள்.

பூட்டுக் கோப்பைத் திறந்தால்
ஒரே ஒரு பெயர்: மூன்றாம் துறைக் கணினி.
தொலைபேசி அடித்தது, யாரும் எடுக்கவில்லை.
இருநூறு மீட்டர், பக்கவாட்டில் அடிக்கும் பனியில்
நானே நடந்தேன்.

ஐலிஃப் ரொட்டி தின்றுகொண்டிருந்தார்.
திரையில் அவர் விற்ற படகு, ஹாவ்ஸூலா.
"விற்றபோது வின்ச்சே இல்லை என்கிறான் வாங்கினவன்.
இதோ பார். இருக்கிறதா, இல்லையா?"
இருந்தது. பச்சை வர்ணத்தில், துருவோடு.
"இந்தப் படத்தைத் தூக்கிவிடப் போகிறாயா?"
தூக்கி வெளியே ஒரு கோப்புறையில் வைப்பேன் என்றேன்,
உள்ளே முகவரி மட்டும் இருக்கும்.
ஒரு விள்ளல் மென்று முடிக்கும்வரை யோசித்துவிட்டு
மூடினார்.

படங்களை வெளியே குடிவைக்கவே
நாற்பது நிமிடம்.
படகுகளிலிருந்து ஹாரன் சத்தம்.
சிக்னே காகிதத்தில் பென்சிலால் எடை எழுதினாள்,
கையுறையைப் பல்லால் கழற்றி.

மறுபடி அழுத்தினேன்.
பழையதைச் செதுக்கி மெலியவைக்கும் என்றுதான்
பலரும் நினைக்கிறார்கள்.
இல்லை. பக்கத்தில் புதுத் தெரு ஒன்று போட்டு
இருப்பவர்களை மட்டும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது.
வந்தவர்கள் நெருங்கி உட்கார்கிறார்கள்.
வராதவர்களுக்காக
ஒரு நொடியும் நிற்பதில்லை.

நூற்று எண்பத்து நான்கு மெகாபைட்.
மொத்தக் கிலோவைக் கூட்டிப் பார்த்தோம்,
முன்பும் பின்பும்
ஒரு மீன் குறையவில்லை.

கீபெர்கிலிருந்து ஒரு புதுப் படகு.
பதிந்தாள். தானாக விழுந்த எண்: 641.
சிக்னேவின் விரல் நின்றது.
"ஜனவரியில் ஒருத்தனுக்குக் கொடுத்தோமே இதை?
கடன் கிடைக்கவில்லை என்று
ஒரே வாரத்தில் விலகிக்கொண்டான்,
மீசைகூட முளைக்காத பையன்."

கொடுத்தோம், என்றேன்.
கடைசி எண் அவனுடையது. அழித்தோம்.
சுருங்கும்போது அதையும் மறந்துவிட்டது.

அவன் பெயர் இருவருக்கும் வரவில்லை.
பழைய நகலில் தேடலாம்.
ஆனால் முதல் தொட்டி ஏறிவிட்டது தட்டில்,
தண்ணீர் சொட்டச் சொட்ட.
சிக்னே முள்ளைப் பார்த்தாள்,
நான் தட்டினேன்:
நானூற்றுப் பன்னிரண்டு கிலோ,
பனிக்கட்டி கழித்து.